கடுமை வேறு, கொடுமை வேறு

பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். போர்க்களக் கதைக்கு முன்னால் வருவது பயிற்சி முகாமின் முதல் வாரக் கதைதான். மொட்டை அடித்தது, நடுராத்திரியில் எழுப்பியது, வாங்கிய வசவு, வாங்கிய அறை... எல்லாவற்றையும் சிரித்துக் கொண்டே சொல்வார்கள். கடைசியில் தவறாமல் ஒரு முத்தாய்ப்பு வரும்: "அன்னைக்கு அப்படி அடிச்சதாலதான் இன்னைக்கு மனுஷனா நிக்கிறேன்!"

கேட்பவர்களும் தலையாட்டி விடுகிறார்கள். ஆட்டக் கூடாது. அந்தக் கடைசி வரி ஒரு பொய். சொல்பவரே நம்பிச் சொல்லும் பொய் என்பதால்தான் அது ஆபத்தானது.

எந்த நாட்டுப் படையை வைத்தும் இதைப் பேசலாம். கோர்ட் விசாரணை வரை போய் எல்லாம் பதிவாகியிருப்பது அமெரிக்க மரைன் படையில். எனவே அதையே எடுத்துக் கொள்வோம்.

தெற்கு கரோலினாவில் இருக்கிறது பாரிஸ் ஐலண்ட் (பிரான்சு நாட்டுப் பாரிஸ் அல்ல!). மரைன் படையில் சேரும் பையன்களை ஏற்றிய பஸ் பெரும்பாலும் இரவில்தான் அங்கே வந்து சேரும். இறங்கியதும் தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் பாதச் சுவடுகளின் மேல் நிற்க வேண்டும். தலை மழிக்கப்படும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் எழுதி வைத்திருப்பதைப் படித்து விட்டு வைத்துவிட வேண்டும். 'நான்' என்று பேசக் கூடாது, 'இந்த ரெக்ரூட்' என்றுதான் சொல்ல வேண்டும். பதின்மூன்று வாரப் பயிற்சி இப்படித்தான் துவங்குகிறது.

இதெல்லாம் கடுமை. இதில் தப்பில்லை. குண்டு பாயும் இடத்துக்குப் போகிறவனுக்குத் தூக்கமில்லாமல் இருக்கவும், கத்தலுக்கு நடுவே உத்தரவைக் கேட்டு நடக்கவும் தெரிய வேண்டும். ஆனால் கடுமைக்கும் கொடுமைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. முதல் நாள் கதைகளைச் சொல்பவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி விடுகிறார்கள்.

அந்தக் கோடு தாண்டப்பட்டால் என்ன ஆகும்? 1956 ஏப்ரல் 8, ஞாயிறு இரவு. மேத்யூ மெக்கியோன் என்ற பயிற்சியாளர் தன் பிளாட்டூனுக்கு ஒழுங்கு போதவில்லை என்று நினைத்தார். பையன்களை இருட்டில் நடத்திக் கூட்டிப் போய், கடல் நீர் ஏறி இறங்கும் ரிப்பன் கிரீக் என்ற ஓடைக்குள் இறக்கினார். அவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. ஆறு பேர் மூழ்கிச் செத்தார்கள்.

விசாரணையில் புகழ்பெற்ற போர்வீரரான செஸ்டி புல்லரே வந்து மெக்கியோன் தரப்புக்குச் சாட்சி சொன்னார். மெக்கியோன் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமானது. தண்டனை பின்னர் குறைக்கப்பட்டு, மூன்று மாதச் சிறையும் பதவி இறக்கமும் மட்டுமே மிஞ்சின. ஆறு உயிருக்கு மூன்று மாதம்!

"அது பழைய காலம்" என்பார்கள். சரி, 2016-க்கு வருவோம். அதே பாரிஸ் ஐலண்ட். இருபது வயது அமெரிக்க முஸ்லிம் இளைஞர் ஒருவர், முகாமுக்கு வந்த பதினோராம் நாள், பயிற்சியாளரிடம் அறை வாங்கிய சற்று நேரத்தில் மூன்றாம் மாடியில் இருந்து விழுந்து இறந்தார். அந்தப் பயிற்சியாளர் ஜோசப் பீலிக்ஸ். இன்னொரு முஸ்லிம் ரெக்ரூட்டைத் துணி உலர்த்தும் மெஷினுக்குள் ஏற வைத்தவரும் இவரே. 2017 நவம்பரில் ராணுவ நீதிமன்றம் இவருக்குப் பத்து ஆண்டு சிறை விதித்தது.

துணி உலர்த்தும் மெஷினுக்குள் ஏறினால் எந்தப் போர்க்கலை வரும்? யாராவது சொல்லட்டும்.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டால் எந்தக் கடையும் லாபத்தில்தான் ஓடும். முதல் நாள் நினைவுகளின் கணக்கும் அப்படித்தான். சிரித்துக் கொண்டே கதை சொல்ல உட்கார்ந்திருப்பவர் பயிற்சியை முடித்தவர். ஓடையில் மூழ்கியவனும் மாடியில் இருந்து விழுந்தவனும் வந்து கதை சொல்லப் போவதில்லை. பாதியில் உடைந்து வீட்டுக்குப் போனவன் வெட்கத்தில் வாயே திறப்பதில்லை. ஆக மொத்தம் "அடி நல்லது" என்று சாட்சி சொல்ல வருபவர்கள் அடியில் தப்பியவர்கள் மட்டுமே.

சினிமாவும் இதற்குத் துணை. ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) படத்தின் முதல் பாதி பாரிஸ் ஐலண்டில்தான் நடக்கிறது. பயிற்சியாளராக நடித்த ஆர். லீ எர்மி நிஜத்திலும் அந்த வேலை பார்த்தவர். அவர் திட்டும் வசனங்களை ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். திட்டும் அடியும் வாங்கிய பையன் கடைசியில் அந்தப் பயிற்சியாளரைச் சுட்டு விட்டுத் தானும் சுட்டுக் கொள்கிறான் என்பது மட்டும் வசதியாக மறந்து போகிறது.

"மென்மையாக நடத்தினால் படை பலவீனமாகி விடும்" என்பது கடைசி வாதம். ரிப்பன் கிரீக்குக்குப் பிறகு பயிற்சியாளர்கள் மேல் கண்காணிப்பு கூட்டப்பட்டது. 1975 டிசம்பரில் சான் டியாகோ முகாமில் அடிபட்ட ஒரு ரெக்ரூட் சில மாதங்களில் இறந்தபின், மறுபடியும் விதிகள் இறுக்கப்பட்டன. அதனால் படை நொறுங்கிப் போனதா? அந்த விதிகளுக்குப் பின் பயிற்சி பெற்றவர்கள்தான் 1991-இல் குவைத்தில் சண்டை போட்டார்கள்.

இந்த வீரர்களை ஆளாக்கியது ஓட்டமும், துப்பாக்கிப் பயிற்சியும், பக்கத்தில் நின்ற தோழனும். அந்தப் பெருமையை அறைக்குக் கொடுப்பது அந்த வீரர்களுக்கே செய்யும் அவமானம். "அடிதான் ஆளாக்கியது" என்று இனி யாராவது சிரித்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர்களில் கடைசி நாள் அணிவகுப்பில் இல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன ஆனார்கள்?