சொல் தெரிந்தால் போதுமா?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள் நம் பாட்டிமார். அயல்மொழிப் படிப்புக்கும் இது பொருந்தும் என்பதை என் பெரியப்பா மகன் வாயிலாக அறிந்தேன்.

சூலக்கரையில் வளர்ந்த அந்த அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் ஜப்பானிய மொழி கற்று, என்-4 என்னும் தேர்விலும் தேறினார். ஜப்பானிய அதிகாரிகள் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. பொங்கலுக்கு விடுப்புக் கேட்டபோது அதிகாரி, "சொட்டோ..." என்று இழுத்து நிறுத்தினார். அச்சொல்லுக்குக் 'கொஞ்சம்' என்று பொருள். நம் 'சொட்டு' போல ஒலிப்பதால் அண்ணன் அதை மறந்ததே இல்லை. 'கொஞ்சம் பொறு, தருகிறேன்' என்கிறார் என எண்ணிப் பேருந்துக்கு முன்பதிவும் செய்துவிட்டார். உண்மையில், முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல் 'இயலாது' என மறுக்கும் முறை அது! பொங்கலன்று பெரியம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மீது குற்றமில்லை. அவருக்குக் கற்பித்த முறையில்தான் குறை என்பது என் கருத்து. இத்தகைய வேலைத்தல நிகழ்ச்சிகளையே பாடமாக்க வேண்டும். ஒரு மாணவி அதிகாரியாகவும் மற்றொருத்தி தொழிலாளியாகவும் நடிக்கட்டும். என்ன சொல்லப்பட்டது, எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது, எப்படிக் கேட்டிருந்தால் தெளிவாகியிருக்கும் என வகுப்பே கலந்து பேசட்டும்.

இத்தகைய தடுமாற்றம் புதிதன்று. முத்துக்குளித்துறையில் 1542 முதல் நம் மக்களிடையே உழைத்த புனித சவேரியார், 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னபடி, கடவுளைத் 'தைநிச்சி' என்று குறிப்பிட்டார். அதுவோ ஒரு புத்தரின் பெயர்! இவரும் புத்த நெறியையே போதிக்கிறார் எனக் கேட்டவர்கள் எண்ணினர். தவறு தெரிந்ததும் அச்சொல்லைக் கைவிட்டு, 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லையே வழங்கினார். கேட்டுத் தெரிந்து திருத்திக்கொண்டாரே, அதுவே நமக்குப் பாடம்.

'முதலில் இலக்கணம், பிறகுதானே இதெல்லாம்?' எனச் சிலர் கேட்கலாம். இலக்கணம் தேவைதான். ஆயினும் ஜப்பானியத்திலும் தமிழைப் போலவே வினைச்சொல் இறுதியில் வரும். நம் வேற்றுமை உருபுகளைப் போலவே அங்கும் பெயருக்குப் பின்னே சிறு சொற்கள் சேரும். நமக்கு இப்படி மிஞ்சும் நேரத்தை நிகழ்ச்சிப் பாடங்களுக்குத் தரலாமே!

அவர்கள் மட்டுமா சுற்றி வளைக்கிறார்கள்? புதுப்பாவாடை கேட்டால், 'பார்க்கலாம்' என்கிறார் அம்மா. அதன் பொருள் நமக்குத் தெரியும்! இங்கு வரும் ஜப்பானியருக்கு அதை யார் கற்பிப்பது? ஆகவே இப்பாடம் இரு தரப்பாருக்கும் உரியது.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் 'ஹோரென்சோ' என்றொரு வழக்கம் உண்டு. ஹோகொகு, ரென்ராகு, சோதான் — அறிக்கையிடு, செய்தி சொல், கலந்து பேசு. பசலைக்கீரைக்கும் இதே ஒலியில் பெயர் இருப்பதால் எளிதில் நினைவில் நிற்கும். கெட்ட செய்தியானாலும் உடனே சொல்வதே இதன் உயிர்.

இதைக் கேட்டதும் என் அம்மாவை நினைத்தேன். அவர் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். ஒருநாள் இரவு, "மருந்துல ஏதோ கோளாறு மாதிரி தெரிஞ்சுது. சொன்னா போர்மேன் திட்டுவாருன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். அன்று எனக்கு உறக்கமே வரவில்லை. 2012-ல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் மாவட்டம் மறக்குமா? அஞ்சாமல் சொல்லவும், சினவாமல் கேட்கவும் பழகுவது ஜப்பான் செல்பவருக்கு மட்டுமன்று, இங்கேயே உழைப்பவருக்கும் உயிர்காக்கும் கல்வியாகும்.

முதியோர் பராமரிப்பு உட்பட 14 துறைகளில் திறன் பெற்ற இந்தியர் ஜப்பானில் பணிபுரிய, 2021 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. நம்மில் சிலர் நாளை அங்கே ஒரு மூதாட்டியின் கட்டிலருகே நிற்கக்கூடும். அவர் 'பரவாயில்லை' என்னும்போது, வலியில்லை என்கிறாரா, நமக்குத் தொல்லை தர விரும்பவில்லையா? அகராதி இதைச் சொல்லாது.

எனவே தோழியரே, சொற்களை மனப்பாடம் செய்வோம், அத்துடன் நில்லாமல், "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று பணிவுடன் திருப்பிக் கேட்கவும் பழகுவோம். நான் இன்றே தொடங்கிவிட்டேன், என் அம்மாவிடம்!