இளைஞர் கால்பந்தும் பார்லிமெண்டின் பொறுப்பும்

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11-ந் தேதி லோக் சபையிலும் மறுநாள் ராஜ்ய சபையிலும் நிறைவேறியது. ஆகஸ்ட் 18-ல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றுச் சட்டமாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் விளையாட்டுத் துறையில் செய்யப்பட்ட மிகப் பெரிய சீர்திருத்தம் இது என்று மத்திய விளையாட்டு மந்திரி மன்சுக் மாண்டவியா வர்ணித்தார். சட்டம் நல்லதுதான். அது நிறைவேறிய விதம்தான் நன்றாக இல்லை. பீகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் பற்றி எதிர்க்கட்சிகள் எழுப்பிய கூச்சலுக்கிடையே லோக் சபையில் இம்மசோதா நிறைவேறியது. விளையாட்டுத் துறையைக் கவனிக்கும் நிலைக்குழுவுக்கு இதை அனுப்பும்படி, அக்குழுவின் அப்போதைய தலைவர் திக்விஜய் சிங் விடுத்த கோரிக்கையும் பலிக்கவில்லை.

நிலைக்குழு என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. இரு சபைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள் கட்சிக் கொடியை வெளியே வைத்துவிட்டு, அதிகாரிகளை நேரில் அழைத்து, காகிதங்களைப் புரட்டிப் பார்க்கும் இடம் அது. 15-வது லோக் சபையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17-வது லோக் சபையில் அது 16 ஆகக் குறைந்துவிட்டது. இந்தக் குறைவின் விளைவைக் கடைசியில் அனுபவிப்பவர்கள், பார்லிமெண்டைப் பார்த்தே இராத சாதாரண ஜனங்கள்தாம். கால்பந்தை எடுத்துக்கொண்டால், அவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்.

2022-ல் நடந்ததை நினைவுபடுத்துவது பொருத்தம். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாகிகள் பதவிக் காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் நீடித்தார்கள். மே மாதம் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு நிர்வாகக் குழு ஒன்றை நியமித்தது. வெளியார் தலையீடு என்று கூறி, ஆகஸ்ட் 15-ல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது. ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்டு சென்றிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஆடாமலே திரும்பிற்று. அக்டோபரில் நம் நாட்டில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பைப் போட்டி கைநழுவும் நிலைக்கு வந்தது. பதினோரு நாட்களில் தடை நீங்கிப் போட்டியும் நடந்தது. நம் மானம் தப்பியது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், அதே பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டின் பேரில் நீக்கப்பட்டதை மறந்துவிட முடியாது. பெரியவர்கள் நாற்காலிக்காக வழக்காடிக் கொண்டிருந்தபோது, சிறுமிகளின் பாதுகாப்பு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பள்ளி விளையாட்டுகளின் கதையும் வேறல்ல. பசிபிக் பள்ளி விளையாட்டுகளுக்காக 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு நம் மாணவிகளின் கால்பந்து அணி சென்றது. கடற்கரைக்குப் போன இடத்தில் ஐந்து பெண்களை அலை இழுத்தது. நால்வர் மீட்கப்பட்டனர், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். பள்ளிப் போட்டிகளை நடத்துவது ஓர் அமைப்பு. கால்பந்தை நிர்வகிப்பது வேறோர் அமைப்பு. இரண்டுக்கும் நடுவில் பிள்ளையின் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அன்றும் எழுந்தது. இன்றும் அதற்குத் தெளிவான பதில் வேண்டும்.

இத்தனை காலமும் கால்பந்து நிர்வாகத்தைத் தட்டிக் கேட்டவை கோர்ட்டுகளும் ஃபிஃபாவுமே. சம்மேளனத் தலைவரின் தேர்தலை டில்லி ஹைகோர்ட் 2017-ல் ரத்துச் செய்தது. அதிலிருந்து தொடங்கிய வழக்கு, சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பர் 19-ல் புதிய சட்ட திட்டங்களை அங்கீகரித்த பிறகே ஒரு முடிவுக்கு வந்தது. இடையில் எட்டு ஆண்டுகள். 2017-ல் பத்து வயதாக இருந்த சிறுவன் 2025-ல் பதினெட்டு வயது இளைஞன். அவனுடைய இளைஞர் கால்பந்துப் பருவம் வழக்கோடு வழக்காகவே முடிந்துவிட்டது. கோர்ட்டால் தவறைத் திருத்த முடியும். அன்றாடம் கண்காணிக்க முடியாது. அந்த வேலை பார்லிமெண்டுக்கு உரியது.

புதிய சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. தேசிய விளையாட்டு வாரியம், நடுவர் மன்றம், தேர்தல் குழு ஆகியவற்றுக்கு அது வழி செய்கிறது. நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, நான்கு பெண்களாவது வேண்டும் என்கிறது. பெண்களுக்கும் இளம் வீரர்களுக்கும் பாதுகாப்பான சூழ்நிலையை வற்புறுத்துகிறது. சர்க்கார் பணத்தைச் செலவிடும் அளவுக்கு, அங்கீகாரம் பெற்ற அமைப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கொண்டுவருகிறது. ஆனால் தனியார் பயிற்சிக் கூடம் பெற்றோரிடம் வாங்கும் கட்டணம் சர்க்கார் பணம் அல்லவே! அதன் கணக்கை யார் கேட்பது? மேலும், அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 33-வது இனமாக விளையாட்டு இருக்கிறது. டில்லியில் செய்யும் சட்டம் மாவட்டச் சங்கத்தின் வாசலுக்கு வந்து சேருமா என்பதுதான் பிரச்னை.

நம் சித்தூர், திருப்பதி பகுதிகளில் இதன் அர்த்தம் நன்றாகப் புரியும். ஆந்திர அரசு 2023 டிசம்பரில் தொடங்கிய 'ஆடுதாம் ஆந்திரா' போட்டிகளில் கிரிக்கெட், கபடி, வாலிபால், கோ-கோ, பாட்மிண்டன் ஆகிய ஐந்து ஆட்டங்களுக்கு இடம் இருந்தது, கால்பந்துக்கு இல்லை. ராயலசீமையின் மறு கோடியில், அனந்தபுரத்தில் கால்பந்து வளர்ந்திருக்கிறது என்றால், அதில் வின்சென்ட் ஃபெரர் நிறுவிய தொண்டு ஸ்தாபனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சித்தூரிலிருந்து வேலூர் கூப்பிடு தூரம். விஜயவாடாவோ சுமார் நானூறு கிலோமீட்டர். வேலூர் ஆஸ்பத்திரியில் பிறந்து சித்தூர்ப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இங்கு ஏராளம். பிறப்புச் சான்று ஒரு மாநிலத்தது, பள்ளிச் சான்று இன்னொரு மாநிலத்தது. வயதைப் பற்றிச் சந்தேகம் கிளம்பினால் இத்தகைய பையன்தான் முதலில் ஓரங்கட்டப்படுவான். வயதைக் குறைத்துக் காட்டி ஆடும் மோசடியை ஒழிக்க வேண்டியதுதான். ஃபிஃபாவே 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 2009 முதல் மணிக்கட்டை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறது. ஆனால் பரிசோதனை எங்கே, யார் செலவில், அப்பீல் யாரிடம் என்பதை எழுதி வைக்காவிட்டால், மோசடிக்காரன் தப்புவான். ஏழை வீட்டுப் பிள்ளை அகப்பட்டுக்கொள்வான்.

பார்லிமெண்ட் கேள்வி கேட்டால் ஃபிஃபா மறுபடியும் தடை விதிக்குமே என்று சிலர் அஞ்சலாம். நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொள்வது வேறு. கணக்குக் கேட்பது வேறு. பிரிட்டனில் காமன்ஸ் சபையின் குழு 2011-லேயே கால்பந்து நிர்வாகத்தை விசாரித்து அறிக்கை கொடுத்தது. அங்கு இளைஞர் கால்பந்தில் சிறுவர்கள் பல்லாண்டுகளாகப் பாலியல் கொடுமைக்கு ஆளானதைப் பற்றிய ஷெல்டன் அறிக்கை 2021-ல் வெளியாகி, கால்பந்துச் சங்கத்தின் தவறுகளைப் பகிரங்கமாகச் சுட்டிக் காட்டியது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு கவலை தெரிவித்துக் கடிதம் எழுதியும், 2025 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கால்பந்துக் கிளப்புகளைக் கண்காணிக்கத் தனிச் சட்டமே செய்துவிட்டது. அதற்காக இங்கிலாந்தை யாரும் ஆட்டத்திலிருந்து விலக்கிவிடவில்லை.

ஆகவே மசோதாவாக இருந்தபோது செய்யத் தவறிய பரிசீலனையைச் சட்டமான பிறகாவது செய்ய வேண்டும். நிலைக்குழு இளைஞர் கால்பந்தைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு, மாவட்டம் வரை சென்று விசாரிக்கட்டும். ஒவ்வொரு மாவட்டச் சங்கமும் தேர்தல் நடத்தியதா, கணக்கை வெளியிட்டதா, தேர்வு எப்போது என்பதை முன்கூட்டி அறிவித்ததா? பெண் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்லும்போது பெண் பொறுப்பாளர் உடன் செல்கிறாரா? புகார் சொல்லப் பயிற்சியாளரைத் தவிர வேறொருவர் இருக்கிறாரா? இவை பெரிய தத்துவக் கேள்விகள் அல்ல. மகளைப் பஸ் ஏற்றிவிடும் எந்தத் தகப்பனும் கேட்கும் கேள்விகளே.

2024 தேர்தலில் சித்தூர் தொகுதியில் தெலுங்கு தேசமும், திருப்பதி தொகுதியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் வென்றன. இருவரும் ஒரே கேள்வியை லோக் சபையில் எழுப்பினால் அதற்குக் கட்சிச் சாயம் பூச யாராலும் முடியாது. பந்தை உதைக்கும் பிள்ளைக்கு ஓட்டு இல்லை. சபையில் அவனுக்காகப் பேச வேண்டியவர்கள், ஓட்டு வாங்கிச் சென்ற இவர்கள்தாம். அந்தக் கடமையை இருவரும் தட்டிக் கழிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.