இரண்டு மணிக்கு ஒரு தரம்

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் இரண்டே பக்கம்தான். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. சென்ற வருடம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோதுதான், மனுஷனுக்கும் அப்படி இரண்டு பக்கம் உண்டு, அதில் ஒன்று திடீரென்று கணக்கை மூடிவிடும் என்பது தெரிந்தது. அப்பாவுக்கு இடது பக்கம்.

"கூட யார் இருக்கப் போறீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. மனைவிக்கு ஆபீஸ். எனக்கோ எழுத்துத் தொழில், அதாவது வேலை கிடையாது. ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

நோயாளியைப் பார்த்துக் கொள்வது என்றால் என்ன? ஸ்டூலில் உட்காருவது. சாத்துக்குடி உரிப்பது. வருகிறவர்களிடம் முதலிலிருந்து கதை சொல்வது. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், கூப்பிடுங்க, நாங்களும் வந்து பிடிக்கிறோம்" என்று நைட் டியூட்டி நர்ஸ் சொல்லியிருந்தார். அப்பாவோ அசந்து தூங்கிக் கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. பாவம், தூங்கட்டும் என்று நானும் தூங்கினேன். நல்ல பிள்ளை!

காலையில் ஒரு நர்ஸிங் மாணவி வந்தது. இரண்டாம் வருஷம். பாக்கெட்டில் குட்டி நோட்டு, சட்டையில் தொங்குகிற வாட்ச். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குக் கீழே பார்த்தது. வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தது.

"அழுத்தினா வெளுக்கணும் சார். வெளுக்கல பாருங்க. ராத்திரி எத்தனை தடவை திருப்பினீங்க?"

"நல்லாத் தூங்கினார்மா... எழுப்ப வேணாம்னு பாசத்துல..."

"பெட் ஸோருக்குப் பாசமெல்லாம் தெரியாது சார்."

நாமெல்லாம் தூக்கத்தில் நமக்கே தெரியாமல் புரண்டுகொள்கிறோம். ஒரு பக்கம் விழுந்தவரால் அது முடியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, சதை சாக ஆரம்பிக்கிறது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால்... இவைதான் முதல் பலி. சிவப்பு என்பது முதல் நோட்டீஸ். கவனிக்காவிட்டால் புண் எலும்பு வரை போகும்.

பதறிப் போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்தேன். "தேய்க்கக் கூடாது சார், உள்ளே இன்னும் கெடும்!" என்று பிடுங்கி வைத்தது. இழுக்கவும் கூடாதாம். அடியில் குறுக்கே ஒரு துணி விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகால் படுக்கையைத் தொடாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று.

மற்ற பாடங்களும் வரிசையாக வந்தன. விழுங்க முடிகிறதா என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாய்க்கு எதுவும். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், நல்ல பக்கத்துக் கன்னத்தில். சாப்பிட்டதும் அரை மணி படுக்க விடக்கூடாது. படுத்த வாக்கில் அம்மா கொடுக்க இருந்த காபி, நுரையீரலுக்குப் போயிருந்தால் நிமோனியா! கை கழுவ 40 முதல் 60 செகண்ட். நான் சாதாரணமாக அஞ்சு செகண்டில் முடிக்கிறவன்.

மூச்சு எண்ணுகிற விதம்தான் ரொம்பப் பிடித்தது. நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடுமாம். எங்கள் ஊரில் இதற்கு ஸர்ப்ரைஸ் ஆடிட் என்று பெயர்! நிமிஷத்துக்கு 12 முதல் 20 இருந்தால் கணக்கு சரி.

என் படிப்பு உதவிய ஒரே இடம், உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எழுதுகிற சார்ட். 1,400 மில்லி வரவு, 1,150 செலவு. "டேலி ஆகலையே?" என்றேன். "வியர்வை, மூச்சுல போறதுக்கெல்லாம் வவுச்சர் கிடையாது சார்" என்றது.

சிரிக்காதீர்கள். 1854-ல் கிரிமியப் போரில் சேவை செய்யப் போன ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கையில் விளக்கு மட்டுமில்லை, கணக்கு நோட்டும் இருந்தது. குண்டடியால் செத்த சிப்பாய்களைவிட, நோயால் செத்தவர்கள் அதிகம் என்று படம் போட்டுக் காட்டியவர் அவர். லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண்மணியும் அவர்தான்.

அன்று ராத்திரியிலிருந்து செல்போனில் அலாரம். 12, 2, 4. ஸ்கிரீனை இழுத்துவிட்டு, ஆயாவைத் துணைக்குக் கூப்பிட்டு, "அப்பா, வலப்பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். அதுவும் அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததுதான். முதல் தரம் வேட்டியைச் சரி செய்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். 35 வருஷம் கேஷியராக இருந்து, அயர்ன் பண்ணாத சட்டை போடாத மனுஷன். நானும் சுவரைப் பார்த்துக் கொண்டே முடித்தேன்.

நாலாம் நாள் காலை அழுத்திப் பார்த்தது. வெளுத்தது. விரலை எடுத்ததும் மெல்லச் சிவந்தது. டிகிரி வாங்கின அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணை வேறு வார்டுக்குப் போட்டுவிட்டார்கள். ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. நீங்களும் ஒரு நாள் அந்த ஸ்டூலில் உட்காரப் போகிறவர்தான். அப்போது பாக்கெட்டில் குட்டி நோட்டோடு ஒரு பெண் வந்தால், மரியாதையாக எழுந்து நில்லுங்கள்.

அப்பா இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு ஹாலில் நடக்கிறார். அலாரத்தை எடுத்துவிட்டேன். ஆனாலும் ராத்திரி 2 மணிக்குத் தானாக விழிப்பு வருகிறது. போய் எட்டிப் பார்க்கிறேன். தானே புரண்டு படுத்திருக்கிறார்.

நேற்று இருட்டிலிருந்து, கொஞ்சம் குழறலாக, குரல் வந்தது.

"என்னடா, ஆடிட்டா?"