கழிப்பறைக் கணக்கைச் சொல்லுங்கள்

வானொலியில் காதல், கடன், மாமியார் என்று எதைப் பற்றியும் பேசிவிடலாம். மலத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்க முடியாது. நேயர்கள் பசியாறும் நேரமாம்! அதனால் இங்கே எழுதுகிறேன். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

என் அத்தைக்கு நிமோனியா வந்தது. மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணமாக்கி அனுப்பினார்கள். வீடு திரும்பிய ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. "மீன் குழம்புதான் காரணம்" என்றார் மாமா. பலதுறை மருந்தக மருத்துவரோ மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை முறை? அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? பேதி மருந்து ஏதாவது?" என்றுதான் கேட்டார்.

ஆன்டிபயாடிக், குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். அந்த இடைவெளியில் 'சி. டிஃபிசில்' என்ற கிருமி பெருகி, நச்சை வெளியிடலாம். முதியவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் வரலாம்.

அதற்காக வயிறு கலங்கிய எல்லாருக்கும் சோதனை தேவையில்லை. வேறு காரணம் தெரியாமல், 24 மணி நேரத்தில் 3 முறை அல்லது அதற்கு மேல் இளகிப் போனால்தான் சோதிப்பார்கள். ஏனென்றால், நோயே இல்லாமல் இந்தக் கிருமியைச் சுமப்பவர்களும் உண்டு. பிசிஆர் சோதனை கிருமியின் மரபணுவைக் காட்டும். நச்சு வெளியாகிறதா என்று சொல்லாது. அதைக் கண்டறிய நச்சுச் சோதனை தனியாக உண்டு.

மாதிரியைக் கொடுத்த டப்பாவில், சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல் எடுத்து, உடனே ஒப்படையுங்கள். வெளியே கிடந்தால் நச்சு சிதைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

அத்தைக்குக் கிருமி உறுதியானது, சிகிச்சையில் தேறிவிட்டார். "மறுபடியும் சோதித்துப் பார்த்துவிடலாமே?" என்றார் மாமா. மருத்துவர் மறுத்துவிட்டார். குணமானவர்களுக்கும் வாரக்கணக்கில் கிருமி இருப்பதாகவே முடிவு வரலாமாம். வயிறு சரியானதே போதுமான சான்று.

வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் எத்தனை முறை, எப்போதிலிருந்து, என்னென்ன மருந்து என்று குறித்துக்கொண்டு போங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் வயிற்றுவலி, காய்ச்சல், தலைசுற்றல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கிருமிநாசினி கொல்லாது.