சிரிப்புக்கு விமர்சனம் வேண்டாமோ?

‘வெறும் பொழுதுபோக்குப் படம்’ என்ற சொற்றொடர் தமிழ்த் திரைப்பட விமர்சனத்திலே நெடுங்காலமாக ஒரு சலுகைச் சீட்டாகப் பயன்பட்டு வந்துள்ளது. ஸ்ரீதரின் இயக்கத்தில் 1964 இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ பற்றிய அபிப்பிராயங்கள் இதற்குத் தக்க சான்றாகும். சிரிக்க வைத்த படத்திடம் வேறென்ன கேட்பது என்பர் ஒரு சாரார். ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஆகியவற்றைத் தந்தவர் வண்ணக் கேளிக்கையில் இறங்கிவிட்டார் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுவர் மற்றொரு சாரார். முரண்படுவோர் போலத் தோன்றும் இவ்விரு சாராரும், படத்துள் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பதில் முற்றாக உடன்படுகின்றனர். இவ்வுடன்பாடே தவறானது.

பிடிவாதக்காரத் தந்தை, காதலர், ஆள்மாறாட்டம், குட்டு வெளிப்படல், இறுதியில் திருமணம் என்ற வாய்பாடு மிகப் பழையது. கிரேக்கத்தில் மெனாந்தரும் உரோமில் புளோட்டசும் இதனையே கையாண்டனர். (வாய்பாடு என்பதற்காக எவரும் புளோட்டசைக் கற்பதை நிறுத்தவில்லை.) வாய்பாட்டினுள் எது இட்டு நிரப்பப்பட்டது என்பதே வினா.

இப்படத்தில் இட்டு நிரப்பப்பட்டிருப்பது வேலையும் பணமுமாகும். அசோக் ஓர் ஏழை ஆசிரியரின் மகன். தோட்ட முதலாளி விஸ்வநாதனிடம் வேலை பார்த்தவன், முதலாளியின் மகளிரோடு ஏற்பட்ட சச்சரவினால் அதனை இழக்கின்றான். முதலாளி வீட்டின் முன்னே கூடாரமடித்து வேலை கேட்கின்றான். ஒரு தொழிற் பிணக்கு இங்கே பாட்டும் ஆட்டமுமாக மாறி, காதலுக்கு வழிதிறக்கும் உபாயமாகவும் முடிகின்றது. ஆயினும் மணம் பேசுவதற்கு வேலை போதவில்லை. கோடீசுவரத் தந்தை ஒருவர் தேவைப்படுகின்றார். நண்பன் வாசு முதியவர் வேடமிட்டு அத்தந்தையாகின்றான். அப்பொழுது பாலையாவின் நாவிலே நிகழும் இலக்கண மாற்றத்தைத் தமிழ் கற்போர் கவனித்தல் தகும். நேற்றுவரை அதட்டி ஏவப்பட்ட அசோக் ‘அசோகர்’ ஆகின்றான். மகன் ‘மகர்’ ஆகின்றான். பொருந்தாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘அர்’ விகுதி, மரியாதை எங்கிருந்து பிறக்கின்றது என்பதைப் பல ‘சமூகப் படங்களின்’ நீண்ட வசனங்களைவிடத் தெளிவாகக் காட்டிவிடுகின்றது.

படத்தின் குறையும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. இவ்வளவைக் கண்டுகொண்ட படம் அதனை மேலும் தொடர அஞ்சுகின்றது. வாசு உண்மையிலேயே செல்வர் வீட்டுப் பிள்ளை. விஸ்வநாதனின் அளவுகோலுக்கு அவனால் இடையூறு எதுவுமில்லை. அசோக்கோ இறுதியில் மன்னிக்கப்படுகின்றான். பொய் சொன்னவன் மன்னிக்கப்படுகின்றான். பொய்யைத் தேவையாக்கியவரிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. கண்டனத்திற்குரியது இதுவே, வண்ணமும் ஏரிக்கரைப் பாட்டும் அல்ல. 1965 இல் தெலுங்கிலும் 1966 இல் இந்தியிலும் இக்கதை மீண்டும் படமாக்கப்பட்டமை, இந்தச் சமரசத்தை விரும்பியவர் தமிழர் மட்டுமல்லர் என்பதற்குச் சான்று.

‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ நடத்தும் செல்லப்பா, தந்தைக்குத் திகிற் கதை சொல்லும் காட்சியைப் போற்றாதார் இல்லை. நாகேஷ் அங்கே கதையென்று எதனையும் சொல்வதில்லை. கதவொலியும் காலடியோசையுமே கதையாகின்றன. தந்தை நடுங்குகின்றார். கதையில்லாமற் படம் செய்யும் தொழிலைப் படமே எள்ளி நகையாடும் அக்கட்டத்தில், ‘இத்தகைய படத்துக்குக் கதை எதற்கு?’ என்று எழுதும் விமர்சகரும் கைதட்டிச் சிரிக்கின்றனர்.