புரட்டாசி முடிந்த பிறகும் சைவத்தைத் தொடரலாமா? உடலுக்கு நல்லதா, ருசிக்கு என்ன வழி?

செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்தால் தமிழ்நாட்டில் கறிக்கடைகளில் கூட்டம் குறையும், கோழி விலை இறங்கும். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அதே கடைகளில் வரிசை நிற்கும். ஆனால் சமீப ஆண்டுகளில் "ஒரு மாசம் இருந்துட்டோம், அப்படியே தொடர்ந்தா என்ன?" என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை என ஏதோ ஒரு ரிப்போர்ட் கையில் வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, "கறியை விட்டுடலாமா?" என்பதுதான்.

2014-ஆம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 98% பேர் அசைவம் சாப்பிடுபவர்கள். எனவே இது பல லட்சம் குடும்பங்களின் சமையலறையைத் தொடும் கேள்வி.

சைவத்துக்கு மாறினால் உடல்நலம் உண்மையிலேயே மேம்படுமா? மேம்படலாம். ஆனால் தட்டில் இருந்து எதை எடுக்கிறோம் என்பதைவிட, அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சைவ உணவுக்குச் சாதகமான ஆதாரங்கள் நிறையவே இருக்கின்றன. அமெரிக்காவில் 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான அட்வென்டிஸ்ட் ஆய்வில், சைவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 12% குறைவாக இருந்தது.

2023-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஒரே மாதிரியான 22 ஜோடி இரட்டையர்களை வைத்து ஒரு சோதனை செய்தது. ஒருவருக்கு வீகன் உணவு, மற்றவருக்கு அசைவமும் சேர்ந்த ஆரோக்கியமான உணவு. பால், தயிர், முட்டை உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காததுதான் வீகன் உணவு. 8 வாரங்களில் வீகன் உணவு சாப்பிட்டவர்களின் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், மற்றவர்களைவிட கூடுதலாகக் குறைந்தது.

பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்தது. சாசேஜ், பேக்கன் போன்றவை இதில் வரும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற அடுத்த நிலையில் வைக்கப்பட்டது.

அப்போ, கறியை விட்டாலே போதுமா?

போதாது. பிரிட்டனில் சுமார் 48 ஆயிரம் பேரை 18 ஆண்டுகளுக்கும் மேல் கவனித்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. அதில் சைவர்களுக்கு மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய் 22% குறைவு. ஆனால் பக்கவாத அபாயம் 20% அதிகம். அதே ஆய்வின் 2020-ஆம் ஆண்டு முடிவில், வீகன்களுக்கு எலும்பு முறிவு அபாயம் 43% அதிகமாக இருந்தது. கால்சியமும் புரதமும் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இன்னும் முக்கியமான ஆய்வு 2017-இல் வந்தது. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறை ஊழியர்களின் உணவுப் பழக்கத்தை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முழுதானியம், பருப்பு, காய், பழம், கொட்டைகள் நிறைந்த தாவர உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் அபாயம் 25% குறைவு. மைதா, தீட்டிய தானியம், சர்க்கரை பானம், இனிப்பு ஆகியவையும் தாவர உணவுதான். ஆனால் அவற்றை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அபாயம் 32% அதிகம்.

அதாவது பரோட்டாவும் சைவம், பஜ்ஜியும் சைவம், பாட்டில் குளிர்பானமும் சைவம். 'சைவம்' என்ற ஒரு சொல்லை வைத்து மட்டும் உடல்நலத்தை அளக்க முடியாது.

நம்ம தட்டில் என்ன சிக்கல்?

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள்.

அதே ஆய்வுக் குழு 2025-இல் உணவுப் பழக்கம் பற்றிய தகவல்களை வெளியிட்டது. இந்தியர்களின் சராசரி கலோரியில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் 12% அளவுதான். மாவுச்சத்தில் இருந்து 5% கலோரியை மட்டும் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை அல்லது மீன் புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவாக இருந்தது.

பலரும் நம்பும் ஒரு விஷயத்தையும் இந்த ஆய்வு அசைத்துப் பார்த்தது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றினால் மட்டும் பலன் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தின் அளவு குறைய வேண்டும். "நைட்டு சோறு இல்ல, சப்பாத்திதான்" என்று சொல்லிவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் கணக்கு மாறாது.

இங்குதான் சைவத்துக்கு மாறுபவர்கள் தடுமாறுகிறார்கள். இரண்டு துண்டு மீன் வறுவலோ முட்டையோ தட்டிலிருந்து போகும்போது, அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் இன்னொரு கரண்டி சோறும் ஒரு அப்பளமும்தான். புரதம் குறைகிறது, மாவுச்சத்து கூடுகிறது. மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால், "கறியே தொடலையே, ஏன் சுகர் ஏறுது?" என்று குழப்பம் வருகிறது.

எவ்வளவு புரதம் வேண்டும், எங்கே கிடைக்கும்?

ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆரின் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு சுமார் 50 கிராம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டை இப்படிப் பிரிக்கிறது:

• தானியம் - 250 கிராம்
• பருப்பு, பயறு வகைகள் - 85 கிராம்
• கீரை உட்பட காய்கறிகள் - 400 கிராம்
• பழம் - 100 கிராம்
• பால் அல்லது தயிர் - 300 மில்லி
• கொட்டைகள், விதைகள் - 35 கிராம்
• எண்ணெய், கொழுப்பு - 27 கிராம்

தானியம், பருப்பு எல்லாம் சமைக்காத நிலையில் உள்ள எடை. இந்தத் தட்டை முழுசா சாப்பிட்டால் 50 கிராமுக்கு மேல் புரதம் கிடைத்துவிடும். பிரச்னை என்னவென்றால், பல வீடுகளில் 250 கிராம் தானியம் காலையிலும் மதியத்திலுமே தாண்டிவிடுகிறது. 85 கிராம் பருப்போ இரண்டு நாள் ஆனாலும் வயிற்றுக்குள் போவதில்லை. தண்ணீராக ஓடும் சாம்பாரில் இருக்கும் பருப்பு ரொம்பக் கம்மி.

தீர்வு நம்ம ஊர் சமையலிலேயே இருக்கிறது. பச்சைப்பயறு, கொள்ளு, துவரம்பருப்பு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. வேர்க்கடலையிலும் அப்படித்தான். சோயா உருண்டையில் பாதி எடை புரதம்தான்.

ஒரு நாளுக்கு இப்படித் திட்டமிடலாம்:

• காலை - பருப்பு தூக்கலாகப் போட்ட அடை, அல்லது பச்சைப்பயறு தோசை
• மதியம் - ஒரு கப் சோறு, மொச்சை போட்ட புளிக்குழம்பு, கீரைக் கூட்டு, ஒரு பொரியல், தயிர்
• மாலை - டீயோடு பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல்
• இரவு - இரண்டு கேழ்வரகு தோசை, சோயா அல்லது பட்டாணி குருமா

"கறி இல்லாம சோறு இறங்காதே!"

சைவத்துக்கு மாறும் பலர் பாதியில் நிறுத்துவதற்கு ருசிதான் காரணம். இதை மன உறுதிக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அசைவத்தின் ருசிக்குப் பின்னால் சில தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சைவத்திலும் கொண்டுவர முடியும்.

மசாலா: சுக்கா, சால்னா, செட்டிநாடு குழம்பு என்றதும் நாக்கில் ஊறும் வாசனை கறியுடையது மட்டுமல்ல. மிளகு, சோம்பு, பட்டை, கல்பாசி, சின்ன வெங்காயம் என எல்லாமே தாவரம்தான். அதே மசாலாவைக் காளானிலோ சேனைக்கிழங்கிலோ போட்டால் பாதி கிணறு தாண்டியாச்சு.

உமாமி: ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா 1908-இல் கண்டறிந்து பெயர் வைத்த சுவை இது. குளுட்டமேட் என்ற பொருள்தான் இதற்குக் காரணம். கறியில் இருக்கும் இந்தச் சுவை, நன்றாகச் சுண்ட வதக்கிய தக்காளியிலும் காளானிலும் இருக்கிறது. தக்காளியை அரைவேக்காட்டில் விடாமல் எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் குழம்பின் ருசியே மாறும்.

நிறம் மாறும் வறுவல்: காளானையும் பன்னீரையும் சட்டியில் குவித்துப் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும். பரவலாகப் போட்டு, அதிக சூட்டில், அடிக்கடி கிளறாமல் பொன்னிறமாக விட்டால்தான் கறி வறுவலின் வாசம் வரும்.

கடித்துச் சாப்பிடும் பதம்: சோயா உருண்டையைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி கழுவிப் பிழிந்தால் பச்சை வாடை போகும். பலாக்காய், வாழைப்பூவும் இந்தப் பதத்துக்கு ஏற்றவை. ஒரு எச்சரிக்கை: பலாக்காய் பார்க்கக் கறி மாதிரி இருந்தாலும் அதில் புரதம் குறைவு. அன்று பருப்பும் தட்டில் இருக்க வேண்டும்.

ருசிக்காக ஊறுகாய், அப்பளம், வற்றல் என்று உப்பைக் கூட்டுவது ஆபத்து. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. எலுமிச்சை, புளி, மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

எதில் கவனம் தேவை?

வைட்டமின் பி12: தாவர உணவில் இதை நம்ப முடியாது. பால், தயிர் சாப்பிடுபவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். வீகன்களுக்கு மாத்திரையோ, பி12 சேர்க்கப்பட்ட உணவோ கட்டாயம். குறைந்தால் சோர்வு, கை கால் மரத்துப்போதல், மறதி வரலாம். நீண்ட காலமாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்கெனவே பி12 குறைய வாய்ப்பு உண்டு. அவர்கள் மாறுவதற்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இரும்புச்சத்து: தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53% பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தாவர உணவில் உள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும். சுண்டல் மேல் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு நெல்லிக்காய் சேர்ப்பது, பயறை முளைகட்டுவது எல்லாம் உதவும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் அந்த இரும்பு வீணாகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

கால்சியம்: பாலையும் விடுபவர்கள் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரையைத் தினசரிப் பட்டியலில் வைக்க வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

யார் டாக்டரிடம் கேட்காமல் மாறக்கூடாது?

• இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள். சோற்றின் அளவு திடீரெனக் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.
• சிறுநீரக நோயாளிகள். பருப்பு, கீரை, பழம் எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
• வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள். கீரையின் அளவை திடீரெனக் கூட்டக்கூடாது.
• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள், எடை குறைந்த முதியவர்கள்.

முழுசா விட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஐசிஎம்ஆர் குழுவின் ஆய்வில் மீனும் முட்டையும்கூட நல்ல பக்கத்தில்தான் இருக்கின்றன. வாரத்தில் நான்கைந்து நாள் பருப்பும் பயறும் தாராளமாக உள்ள சைவம், மற்ற நாட்களில் மீனோ முட்டையோ என்றாலும் பலன் உண்டு. கொள்கைக்காகவோ நம்பிக்கைக்காகவோ முழுமையாக விடுபவர்கள், பி12-க்கும் புரதத்துக்கும் வழி செய்துவிட்டு விடலாம்.

மாறியது சரியா என்பதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. தொடங்கும்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை என எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாத சராசரி சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின், பி12 ஆகிய நான்கையும் பாருங்கள். எண்கள் சரியான திசையில் போனால் தொடரலாம். இல்லையென்றால், கறியைத் திரும்பக் கொண்டுவருவதற்கு முன்பு தட்டில் சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.