அடையில் அமரும் கோழி

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் செல்பவர்கள் வழியெங்கும் நீண்ட கோழிப்பண்ணைக் கொட்டகைகளைக் கண்டிருப்பார்கள். அங்கே கூண்டுகளில் நிற்கும் வெள்ளைக் கோழிகளின் மூதாதையர் இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்று பெருகிய லெக்ஹார்ன் இனத்தவை. ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடும்படி தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்யப்பட்டவை. அதே சாலையோரத்து வீட்டு வாசலில் குப்பையைக் கிளறும் சிறுவிடைக் கோழி இடுவதோ 50, 60 முட்டைகள்தாம். இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துத்தான் நாட்டுக்கோழி மட்டமான இனம் என்று தீர்ப்பெழுதினார்கள். கணக்கு சரி, தீர்ப்பு தவறு என்பதே என் எண்ணம்.

சிறுவிடைப் பெட்டையின் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். 21 நாட்கள் அடைகாத்து, பின் குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்புவித்து வளர்க்கும். அந்த மாதங்களில் அது முட்டையிடுவதில்லை. பண்ணையாளருக்கு இது குறை. ஆகவே வணிக இனங்களிலிருந்து அடைகாக்கும் குணத்தையே ஏறக்குறைய நீக்கிவிட்டார்கள். ஆனால் மின்சாரமும் குஞ்சுபொரிப்பானும் இல்லாத வீட்டில் அந்தக் கோழியேதான் பொரிப்பான், காவல், அடுத்த தலைமுறைக்கான முதலீடு எல்லாம். முட்டை எண்ணிக்கையை மட்டும் உயர்த்தினால் குடியானவர் குஞ்சுக்காக ஆண்டுதோறும் பண்ணை வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

உடற்கூறுகளையும் பாருங்கள். மொட்டைக் கழுத்துக் கோழியைக் கண்டு நகைப்பவர்கள் பலர். ஒற்றை மரபணுவால் வரும் பண்பு அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் இறகு ஏறத்தாழ 20 சதவீதமும், இருவரிடமிருந்தும் பெற்றால் 40 சதவீதம் வரையும் குறைகிறது. உடற்சூடு எளிதில் வெளியேறுவதால் வெயில் காலத்தில் தீனி எடுப்பதும் எடை கூடுவதும் அவ்வளவாகத் தளர்வதில்லை. சித்திரை வெயிலில் பண்ணைக் கோழிகள் வாய்பிளந்து இரைக்கும் இச்சமவெளியில் இது சிறு செய்தியன்று. செம்மையும் கருமையும் சாம்பலும் கலந்த இறகு நிறங்கள், வெள்ளைக் கோழியைப்போல் பருந்தின் கண்ணில் எளிதாகப் படுவதில்லை.

இன்னொரு செய்தி. உலகெங்கும் பிராய்லர் கோழிகளில் காணப்படும் மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. நாம் கவனியாமல் விட்ட பறவையின் சொத்து உலகச் சந்தைக்கே முன்பே போய்விட்டது.

நாட்டுக்கோழிக்கு இன்று நல்ல விலை இருப்பதுதான் அதற்குப் புதிய ஆபத்து. விரைவாக எடை கூட வேண்டும் என்று மேம்படுத்திய இனச் சேவல்களை ஊர்க்கோழிகளோடு சேர்க்கிறார்கள். முதல் தலைமுறை பருத்து வளரும். அடைகாக்கும் குணம் மங்கும். பிறந்தவை அனைத்தும் நாட்டுக்கோழி என்ற பெயரிலேயே விற்பனையாகும். சில தலைமுறைகளில் பெயர் மட்டும் மிஞ்சும். கலப்பே கூடாது என்பதன்று என் வாதம். ஹைதராபாத்தில் உருவான வனராஜா போன்றவை புறக்கடை வளர்ப்பில் பலருக்கு வருமானம் தந்திருக்கின்றன. எதைக் கலக்கிறோம் என்று அறியுமுன் கலப்பதுதான் தவறு.

செய்ய வேண்டியவை எளியவை. முதலாவது, இனத்துக்குள்ளேயே தெரிவு. அதிகக் குஞ்சுகளைக் கரைசேர்த்த பெட்டையின் வாரிசை விதைக்கு நிறுத்துவது. பெருவிடையில் இதைச் சேவற்கட்டுக்காரர்கள் செய்துவந்தார்கள். கட்டை நான் ஆதரிக்கவில்லை, ஆயினும் வம்சத்தை நினைவில் வைத்தவர்கள் அவர்களே. இரண்டாவது, வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி. ஒரு கோடையில் ஊர்க்கோழிகளை வாரிக்கொண்டு போகும் அந்நோயைத் தடுக்காமல் இனத்தைக் குறை கூறுவது நியாயமன்று. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இம்மண்ணிலேயே இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை.

ஒரு கோழி எத்தனை முட்டை இட்டது என்று இதுவரை கேட்டோம். எத்தனை குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியது என்று இனி கேட்போம்.